செயலின் பொருள் தேடிய செம்மல்

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்லும் சமவெளியில், காலை வேளையில் ஒருவன் நடந்து போகின்றான் என்று கொள்வோம். பின்னே சேர்வராயன் மலை நீல நிறமாய்த் தோன்றுகின்றது. கிழக்கே கொல்லிமலை உயர்ந்து நிற்கின்றது. வழியோரத்து நிலத்தில் உழவர் ஒருவர் மண்வெட்டியால் குழி தோண்டுகின்றார். அவர் கை ஓங்குவதையும், மண் பெயர்ந்து விழுவதையும் வழிப்போக்கன் காண்கின்றான். ஆயினும், அவர் செய்வது யாது என்று அவனால் சொல்ல முடியுமா? தென்னங்கன்று நடுவதற்காக அவர் தோண்டலாம். பிறர் நிலத்தில் கூலிக்குத் தோண்டலாம். மகன் குடியிருக்கப் புதுவீட்டிற்குக் கடைகால் எடுக்கலாம். பல்லாண்டு உடன் உழைத்து மடிந்த எருதைப் புதைப்பதற்காகக் கண்ணீரோடு தோண்டினும் தோண்டலாம். கண்ணுக்குத் தெரியும் செயல் ஒன்று. அதன் பொருளோ நான்கு.

குழியின் ஆழத்தை அளவுகோல் காட்டும். மண்வெட்டியின் எடையைத் துலாக்கோல் காட்டும். அச்செயலுக்கு அவ்வுழவர் தம் உள்ளத்தில் கொண்டிருக்கும் பொருளை எக்கோல் காட்டும்? அதனை அறிய வேண்டுமாயின் அவரை அணுகிக் கேட்டல் வேண்டும். அருகே கன்று கிடக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். அவ்வூர் வழக்கத்தை அறிதல் வேண்டும். இவ்வாறு, மாந்தர் செயலை அதனைச் செய்வோர் கொண்ட பொருளோடு சேர்த்து ஆராயும் துறையைப் பொருளுணர் சமூகவியல் என்று கூறலாம். அத்துறைக்கு உறுதியான அடிப்படை இட்டவர் செருமானிய நாட்டு அறிஞர் மாக்ஸ் வெபர் ஆவார். செருமானிய மொழியில் வெபர் என்னும் சொல்லுக்கு நெசவாளர் என்பது பொருள். தறியோசை கேட்டு வளரும் நம் பகுதி மாணவர்க்கு அப்பெயர் அயலாகத் தோன்றாது. அவர்தம் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

மாக்ஸ் வெபர் 1864ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் எர்பர்ட் என்னும் நகரில் பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார் பீலபெல்டு நகரில் நாரிழைத் துணி வாணிகம் செய்தவர். தந்தையார் சட்டம் பயின்றவர். அரசியலில் புகுந்து புகழ் பெற்றவர். வாழ்வின் இன்பங்களை விரும்பியவர். இல்லத்தில் தம் சொல்லே நிற்கவேண்டும் என்று எண்ணியவர். தாயார் எலன் அம்மையாரோ இறைப்பற்று மிக்கவர். எளிமையையும் ஏழையர்க்கு உதவுவதையும் கடமையாகக் கொண்டவர். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இருவர், வாழ்க்கைக்கு இருவேறு பொருள் கண்டனர். அதனை நாள்தோறும் கண்டு வளர்ந்த சிறுவரே பின்னாளில், மாந்தர் தம் செயலுக்குக் கொள்ளும் பொருளை ஆராயும் அறிஞர் ஆனார்.

1869ஆம் ஆண்டில் அக்குடும்பம் பெர்லின் நகருக்குக் குடிபெயர்ந்தது. வரலாற்றறிஞர் மாம்சன், மெய்ப்பொருள் அறிஞர் டில்டை முதலியோர் அவ்வீட்டிற்கு வந்து உரையாடிச் செல்வர். பெரியோர் பேச்சைக் கேட்கும் பேறு இளமையிலேயே வெபருக்கு வாய்த்தது. தம் 13ஆம் வயதில் அவர் வரலாற்றுக் கட்டுரைகள் எழுதிப் பெற்றோருக்குக் கிறித்துமசு அன்பளிப்பாக அளித்தார். வகுப்பில் பாடம் நடக்கும்பொழுது, ஆசிரியர் அறியாமல் கவிஞர் கதேயின் நூல் தொகுதிகளைப் படித்து முடித்தார் என்பர். இச்செயலை நீங்கள் பின்பற்ற வேண்டுவதில்லை. அவருடைய நூலார்வத்தைப் பின்பற்றினால் போதும்.

1882ஆம் ஆண்டில் வெபர் ஐடல்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சட்டம் பயின்றார். சட்டத்தோடு வரலாறும் பொருளியலும் மெய்ப்பொருளியலும் கற்றார். இடைக்கால வணிகக் கூட்டு நிறுவனங்களை ஆராய்ந்து 1889ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

உழைப்பாளரின் உள்ளம்

1892ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி அவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. எல்பை ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள பெருநிலங்களில் உழைத்த பண்ணையாட்கள் பலர் ஊரைவிட்டு நகரங்களுக்குச் சென்றுகொண்டிருந்தனர். அதன் காரணத்தை ஆராய்ந்து வந்த கழகம் ஒன்று, வினாத்தாள்களை அச்சிட்டு நிலக்கிழார்களுக்கு அனுப்பியிருந்தது. வந்து குவிந்த விடைகளைத் தொகுத்து வெபர் ஏறத்தாழ 900 பக்கமுள்ள பெருநூல் எழுதினார்.

பண்ணையில் இருந்தவர்க்கு உறைவிடம் உண்டு. தானியத்தில் பங்கு உண்டு. ஆண்டு முழுதும் வேலை உண்டு. நகரத்தில் இவற்றுள் ஒன்றும் உறுதியில்லை. அங்ஙனமாகவும் அவர்கள் ஏன் சென்றனர்? கூலிக் கணக்கு ஒன்றால் இதற்கு விடை காண இயலவில்லை. ஒருவர்க்கு அடங்கி வாழும் வாழ்வினின்று விடுபட வேண்டும், தம் மக்களேனும் தலைநிமிர்ந்து வாழவேண்டும் என்னும் வேட்கையே அவர்களை உந்தியது என்று வெபர் கண்டார். வயிற்றின் தேவையோடு உள்ளத்தின் தேவையும் மாந்தரை நடத்துகின்றது என்னும் உண்மை இவ்வாராய்ச்சியால் விளங்கியது.

அம்முறையில் ஒரு குறை இருந்ததையும் அவர் உணர்ந்தார். பண்ணையாட்களைப் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதியவர் நிலக்கிழார்களே. பண்ணையாட்களை எவரும் கேட்கவில்லை. ஆதலின் அடுத்த ஆராய்ச்சியில் ஊர்தோறும் இருந்த சமயப் பணியாளர்கள் வாயிலாகச் செய்தி திரட்ட அவரும் நண்பர் ஒருவரும் ஏற்பாடு செய்தனர். ஆயினும், தாம் கண்ட நெறியை அவர் அன்று முழுதும் கைக்கொண்டார் என்று கூற இயலாது. செருமானிய உழைப்பாளரின் உள்ளத்தை உணர்ந்த அவர், அவ்விடங்களுக்கு வந்து சேர்ந்த போலந்து உழைப்பாளரைப் பண்பாட்டில் தாழ்ந்தவர் என்று எழுதினார். நாட்டுப்பற்று அவர் கண்ணை அங்கே மறைத்தது. பின்னாளில் போலந்து மக்களோடு நேர்மையான உடன்பாடு காணவேண்டும் என்று அவரே எழுதினார்.

முன்னோர் இட்ட வித்து

வெபரின் நெறி ஒருநாளில் முளைத்ததன்று. அதன் வேர்கள் அவர்க்கு முன்பே ஊன்றப்பெற்றவை. சமூகவியல் என்னும் பெயரைப் பரவச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் அகஸ்டு கோம்ட். 1798 முதல் 1857 வரை வாழ்ந்த அவர், இயற்கைக்கு விதிகள் இருப்பதுபோலச் சமுதாயத்திற்கும் விதிகள் உண்டு. அவற்றை இயற்பியலார் காண்பதுபோலவே காணலாம் என்று கருதினார்.

செருமானிய நாட்டிலோ வேறோர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. ஷ்லையர்மாகர் என்பவர் பழைய நூல்களுக்கு உரை காணும் முறையை ஒரு தனிக்கலையாக வகுத்தார். திராய்சன் என்பவர் அம்முறையை வரலாற்றுக்கு உரியதாக்கினார். வெபரின் இல்லத்திற்கு வந்து சென்றவர் என்று மேலே கூறப்பெற்ற டில்டை, 1883ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இயற்கையைப் பற்றிய கல்வி வேறு, மாந்தர் வாழ்வைப் பற்றிய கல்வி வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். கல் விழுவதற்குக் காரணம் மட்டுமே உண்டு. மனிதன் எழுந்து நடப்பதற்குக் காரணத்தோடு நோக்கமும் உண்டு. நோக்கத்தை உள்ளிருந்து உணர்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கருத்து தமிழ் பயில்வோர்க்கு எளிதில் விளங்கும். அகப்பாட்டு ஒன்றைப் படிக்கும்பொழுது சொற்பொருளை மட்டும் அறிந்தால் போதுமா? அது தலைவி கூற்றா, தோழி கூற்றா, யாரை நோக்கி எந்நிலையில் கூறியது என்பவற்றை அறிந்த பின்னரே பாட்டின் உட்பொருள் புலனாகும். பரிமேலழகர், நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியர்கள் செய்யுட்களுக்கு இவ்வாறு பொருள் கண்டனர். செய்யுளுக்கு அவர்கள் செய்ததை மாந்தர் செயலுக்குச் செய்தல் வேண்டும் என்பதே செருமானிய அறிஞர் கருத்தின் சாரம் எனலாம்.

வெபர் இக்கருத்தை ஏற்றார். ஆனால் ஒரு நிபந்தனையோடு ஏற்றார். உரை எழுதுவோன் தன் மனத்தில் தோன்றியதையெல்லாம் நூலாசிரியன்மேல் ஏற்றுதல் தகாதன்றோ? அதுபோலப் பிறர் உள்ளத்தை உணர்ந்துவிட்டேன் என்று ஒருவன் கூறிக்கொள்வது மட்டும் அறிவாகாது. உணர்ந்த பொருளை நிகழ்ச்சிகளோடும் கணக்குகளோடும் ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தல் வேண்டும். உணர்தலும் வேண்டும், சான்றும் வேண்டும். இவ்விரண்டையும் பிணைத்ததே வெபரின் தனிச்சிறப்பாகும்.

இருண்ட ஆண்டுகள்

1893ஆம் ஆண்டில் வெபர் மரியானை என்னும் அம்மையாரை மணந்தார். அவர் தாமும் ஆராய்ச்சியாளர். மகளிர் உரிமைக்காக உழைத்தவர். வெபர் 1894இல் பிரைபர்க் பல்கலைக்கழகத்திலும், பின்னர் ஐடல்பர்க்கிலும் பொருளியல் பேராசிரியரானார். முப்பது வயதிலேயே பேராசிரியர் பதவி; நாடெங்கும் புகழ். வாழ்வு ஒளிமயமாகத் தோன்றியது.

1897ஆம் ஆண்டுக் கோடையில் பெற்றோர் அவரைக் காண ஐடல்பர்க்கிற்கு வந்தனர். தாயார் மகனோடு சில நாள் தனித்துத் தங்க விரும்பினார். தந்தையார் அதற்கு இசையவில்லை. தாயாரை அடக்கி வைக்கும் தந்தையைக் கண்டு வெபர் சினம் கொண்டார். கடுஞ்சொற்கள் கூறி அவரை வெளியேறுமாறு சொல்லிவிட்டார். சில வாரங்களில், ஆகஸ்டுத் திங்களில், தந்தையார் வெளியூரில் காலமானார். இருவரும் மீண்டும் மனம் கலந்து பேசவே இல்லை.

அதன்பின் வெபரை நோய் பற்றியது. உறக்கம் ஒழிந்தது, படிக்கவும் பேசவும் இயலாத தளர்ச்சி உண்டாயிற்று. பல திங்கள் சாளரத்தின் அருகே வாளா அமர்ந்திருந்தார். மரியானை அம்மையார் உடனிருந்து காத்தார். 1903ஆம் ஆண்டில் வெபர் தம் பதவியைத் துறந்தார். அதற்குப் பிறகு ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர் நிலையாக வகுப்பு நடத்தவில்லை. நோய் மெல்ல மெல்லத் தணிந்தபொழுது அவர் கையில் எடுத்த வேலை, மாந்தர் செயலைப் புரிந்துகொள்ளுதல் எவ்வாறு என்னும் ஆராய்ச்சியே ஆகும்.

நெறியின் வடிவம்

1904ஆம் ஆண்டு முதல் வெபர் சமூக ஆராய்ச்சி இதழ் ஒன்றன் ஆசிரியருள் ஒருவராய் இருந்து கட்டுரைகள் எழுதினார். கருத்து மாதிரி என்னும் கருவியை அவர் அக்காலத்தில் விளக்கினார். கொத்தனார் சுவர் எழுப்பும்பொழுது தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கின்றார். சுவர் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதை அது காட்டுகின்றது. அதுபோலக் கலப்பில்லாத ஒரு வடிவத்தை மனத்தில் அமைத்துக்கொண்டு, உண்மை வாழ்வு அதனின்று எவ்வளவு விலகி நிற்கின்றது என்று காணலாம் என்பது அவர் கருத்து.

செயல்களை அவர் நால்வகைப்படுத்தினார். பயனைக் கணக்கிட்டுச் செய்வது ஒன்று: விலை ஏறும் என்று எண்ணி உழவர் மஞ்சளை இருப்பு வைத்தல் போல்வது. பயன் கருதாது, தாம் போற்றும் அறத்திற்காகச் செய்வது மற்றொன்று: கோடையில் வழிநடப்போர்க்குத் தண்ணீர்ப்பந்தல் அமைத்தல் போல்வது. சினம், மகிழ்ச்சி முதலிய உணர்ச்சியால் செய்வது மூன்றாவது. முன்னோர் செய்தனர், நாமும் செய்கின்றோம் என்று வழக்கத்தால் செய்வது நான்காவது. உண்மை வாழ்வில் இவை பெரும்பாலும் கலந்தே இருக்கும்.

எல்லாச் செயலும் சமூகச் செயல் ஆகாது என்றும் அவர் விளக்கினார். திடீரென்று மழை பெய்தால் தெருவில் உள்ளோர் அனைவரும் ஒரே நேரத்தில் குடை விரிப்பர். அஃது ஒருவரை ஒருவர் கருதிச் செய்ததன்று. மிதிவண்டியில் வரும் இருவர் மோதிக்கொள்வது வெறும் நிகழ்ச்சி. மோதலைத் தவிர்க்க விலகுவதும், மோதிய பின் வாதிடுவதும், வருத்தம் கூறிப் பிரிவதும் சமூகச் செயல்களாகும். பிறரை மனத்தில் கொண்டு பொருளோடு செய்வதே சமூகச் செயல் என்பது அவர் கொண்ட இலக்கணம். 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் தம் துறைக்குப் பொருளுணரும் சமூகவியல் என்று அவர் பெயரிட்டார்.

அமெரிக்காவும் தறிக்கூடமும்

1904ஆம் ஆண்டில் வெபரும் மரியானை அம்மையாரும் அமெரிக்க நாட்டிற்குச் சென்றனர். வட கரோலினா மாநிலத்தில் அவர் உறவினர் சிலர் வாழ்ந்து வந்தனர். அங்கு ஒருநாள், குளிர்ந்த நீரில் மூழ்கித் திருமுழுக்குப் பெறும் சடங்கைக் கண்டார். நீரில் இறங்கியவருள் ஓர் இளைஞர், அவ்வூரில் வங்கி தொடங்க எண்ணியிருப்பதாக உறவினர் விளக்கினார். அச்சபையார் ஒருவரை நன்கு ஆராய்ந்த பின்னரே சேர்த்துக்கொள்வர். ஆதலின் அவ்வுறுப்பினரை ஊரார் நாணயமானவர் என நம்புவர். சமயச் சடங்கில் வாணிகப் பொருளும் கலந்திருக்கக் கூடும் என்பதை அயலார் அறியார், அவ்வூரார் அறிவர்.

சமயத்திற்கும் பொருளாதாரத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த அவருடைய புகழ்பெற்ற நூல் 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. ஐரோப்பாவில் சீர்திருத்தக் கிறித்தவருள் சிலர், ஓயாது உழைப்பதையும் வீண்செலவு செய்யாதிருப்பதையும் இறைவன் இட்ட கடமையாகக் கருதினர். செல்வம் அவர்கள் நாடிய வீடுபேறன்று. ஆயினும் அவ்வொழுக்கம் புதிய தொழில்முறை வளர்வதற்குத் துணையாயிற்று என்று வெபர் காட்டினார். அறிஞர்கள் இக்கருத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்ந்தும் மறுத்தும் வருகின்றனர்.

அமெரிக்காவில் வெபர், கறுப்பின அறிஞர் டூ பாய்சைச் சந்தித்தார்; அவரிடம் கட்டுரை பெற்றுத் தம் இதழில் 1906இல் வெளியிட்டார். 1910ஆம் ஆண்டு செருமானியச் சமூகவியல் கழகத்தின் முதல் மாநாட்டில், மாந்தர் தம் உயர்வுதாழ்வு இனத்தாலும் குருதியாலும் அமைவது என்னும் கொள்கை பேசப்பட்டது. வெபர் எழுந்து அதனைச் சான்று காட்டி மறுத்தார். டூ பாய்சின் புலமையையும் எடுத்துக் கூறினார். போலந்து மக்களைத் தாழ்வாக எழுதிய இளைஞர் எவ்வளவு தொலைவு கடந்து வந்துள்ளார் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

1908ஆம் ஆண்டில் உறவினரின் நெசவாலையில் தறி ஓட்டுவோரின் வேலைக் கணக்குகளை அவர் ஆராய்ந்தார். நாளுக்கு நாள் துணியின் அளவு ஏறி இறங்குவதைக் கணக்கேடு காட்டியது. இறங்கியதற்குக் களைப்பு காரணமா? நூலின் தன்மை காரணமா? மிகுதியாக நெய்தால் கூலி வீதத்தைக் குறைத்துவிடுவர் என்று அஞ்சித் தொழிலாளர் தாமே வேகத்தைத் தணித்தனரா? எண் ஒன்றாயினும் பொருள் பல. அதனை அறியத் தறியின் அருகே செல்லுதல் வேண்டும்.

இந்தியாவைப் பற்றி

முதல் உலகப்போர் 1914இல் மூண்டது. வெபர் ஐடல்பர்க்கில் போர் மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பை 1915 வரை ஏற்றிருந்தார். பின்னர் உலகச் சமயங்களைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1916, 1917ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

வெபர் இந்தியாவிற்கு வந்தவரல்லர். ஆங்கில அரசினர் வெளியிட்ட மக்கள்தொகைக் கணக்கறிக்கைகளையும், மொழிபெயர்ப்பு நூல்களையும், பிற அறிஞர் எழுதியவற்றையும் கொண்டே எழுதினார். சாதிமுறையும் வினை, மறுபிறப்பு என்னும் கொள்கைகளும் மக்களைப் பழைய தொழிலிலேயே நிறுத்தியமையால், புதிய தொழில்முறை இந்நாட்டில் தானே தோன்றவில்லை என்று அவர் கருதினார். கைவினைஞர் தம் கருவிகளை வழிபடுவதையும் அவர் குறிப்பிட்டார். அவ்வழிபாடு கருவியை மாற்றாமல் வைத்துத் தொழில் முன்னேற்றத்தைத் தடுத்தது என்று எழுதினார்.

இம்முடிவைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை. நூல்களில் எழுதியதே ஊரில் நடப்பது என்று அவர் மிகுதியாக நம்பிவிட்டார் என்றனர். வெள்ளையர் ஆட்சி இந்நாட்டு நெசவுக்கும் வாணிகத்திற்கும் செய்த தீங்கிற்குப் போதிய இடம் தரவில்லை என்றனர். அமெரிக்க அறிஞர் மில்டன் சிங்கர் சென்னைக்கு வந்து தொழிலதிபர்களோடு நேரில் உரையாடினார். அவர்கள் இல்லத்தில் மரபைப் போற்றியும், ஆலையில் புதுமுறைகளைக் கையாண்டும் முரணின்றி வாழ்வதைக் கண்டு 1972இல் நூலாக வெளியிட்டார்.

நம் சமவெளியும் இதற்குச் சான்று கூறும். மழை குறைந்த இந்நிலத்தில், உழவுக் குடியில் பிறந்தோர் பலர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதிய தொழில்களில் இறங்கினர். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் கோழிப் பண்ணைகளும் பெருகின. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகள் சேலத்தைச் சுற்றி எழுந்தன. ஆயுதபூசை நாளில் இம்மக்கள் லாரிக்கும் தறிக்கும் கடைசல் பொறிக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் இட்டு மாலை சூட்டுகின்றனர். அடுத்த ஆண்டு அதனினும் சிறந்த பொறி கிடைத்தால் அதை வாங்கி, அதற்கும் மாலை சூட்டுகின்றனர். வெபர் நூலில் படித்தறிந்த செயல் இதுவே. இதனைச் செய்வோரிடம் பொருள் கேட்டிருப்பாராயின், அவர் வேறு முடிவுக்கு வந்திருத்தல் கூடும்.

இதனால் வெபரின் நெறி பொய்த்துவிட்டது என்று கொள்ளுதல் ஆகாது. அவர் முடிவைத் திருத்துவதற்கு நமக்குத் துணை செய்வது அவர் தந்த நெறியே அன்றோ? நிலக்கிழாரை மட்டும் கேட்டால் போதாது, உழைப்பாளரையும் கேட்டல் வேண்டும் என்று உணர்ந்தவர் அவர். அவ்வளவுகோலால் அவரையும் அளந்து பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

இறுதி நாட்கள்

1917ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மியூனிக் நகரில் மாணவர் முன்னிலையில், அறிவுத்தொழிலைப் பற்றி வெபர் ஆற்றிய சொற்பொழிவு பெயர் பெற்றது. ஆசிரியர் தம் கட்சிக் கொள்கையை வகுப்பில் திணித்தல் கூடாது. தமக்கு இனிய கொள்கைக்கு மாறான உண்மைகளையும் மறைக்காமல் எடுத்துக்காட்டல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1919ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் மீண்டும் பேராசிரியரானார். நோயுற்றுத் துறந்த வகுப்பறை அவருக்கு மறுபடியும் கிடைத்தது. ஆயினும் அப்பேறு நெடுநாள் நீடிக்கவில்லை. 1920ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் அவர் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 56.

அவருடைய பெருநூலாகிய பொருளாதாரமும் சமூகமும் முற்றுப் பெறாமல் கையெழுத்துப் படிகளாகக் கிடந்தது. மரியானை அம்மையார் அவற்றைத் தொகுத்து 1921, 1922ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். 1926இல் கணவரின் வரலாற்றையும் எழுதினார். அவர் முயற்சி இல்லையேல், வெபரின் எழுத்துகள் பல உலகிற்குக் கிடைத்திரா.

பின்னர் அந்நெறி பல நாடுகளில் பரவியது. ஆல்பிரெட் ஷூட்சு என்பவர், அன்றாட வாழ்வில் மாந்தர் ஒருவரை ஒருவர் எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்று 1932இல் நூல் எழுதினார். தால்கட்டு பார்சன்சு வெபரின் நூலை 1930இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கிளிபர்டு கீர்ட்சு, பண்பாட்டை ஒரு நூலைப் போலப் படித்துப் பொருள் காணலாம் என்று 1973இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். உரை காணும் கலையிலிருந்து பிறந்த நெறி, இவ்வாறு மீண்டும் அக்கலையோடு உறவு கொண்டது.

நாம் கற்கும் பாடம்

மாக்ஸ் வெபர் குறையில்லாதவர் அல்லர். அயல்நாட்டு உழைப்பாளரைத் தாழ்வாக எண்ணினார், பின்னர்த் திருந்தினார். தந்தையாரிடம் சினந்து பேசினார். அதனைத் திருத்திக்கொள்ளக் காலம் அவருக்கு இடம் தரவில்லை. பிறரைப் புரிந்துகொள்ளுதல் எவ்வளவு அரியது என்பதை அவர்தம் நூலும் காட்டுகின்றது, வாழ்வும் காட்டுகின்றது.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் ஒருவன் நாள்தோறும் காலந்தாழ்த்து வருகின்றான். சோம்பேறி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவன் விடியற்காலையில் எழுந்து தாய்க்குப் பாவு ஓட்ட உதவிவிட்டு வருகின்றானோ, யார் அறிவார்? மற்றொருவன் எவரோடும் பேசாதிருக்கின்றான். செருக்கன் என்று எண்ணுகின்றோம். அவன் வீட்டில் நேர்ந்த துன்பத்தை நாம் கேட்டோமா? தீர்ப்புக் கூறுவதற்கு முன் கேளுங்கள்; கேட்டதைச் சான்றோடு ஒத்துப் பாருங்கள்; தவறு என்று கண்டால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். குழி தோண்டும் உழவரைத் தொலைவில் நின்று பார்த்து முடிவு செய்யாமல், வரப்பில் இறங்கி அருகே சென்று வினவுவோன் உண்மையை அறிவான். மாக்ஸ் வெபர் உலகிற்குக் காட்டிய வழி அதுவே.